போட்டுப் பார்க்கும் அறையின் விளக்கு

துணிக்கடைக்காரிக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. சட்டையை எடுத்துக்கொண்டு முகம் மலர்ந்து போட்டுப் பார்க்கும் அறைக்குள் போகிறவர்கள், வெளியே வரும்போது துக்கம் விசாரித்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள். சட்டையை முக்காலியில் வைத்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லி நழுவினார்கள். வியாபாரம் இப்படியே படுத்துக் கிடந்தால் மாதக் கடைசியில் கடையைக் கொழுந்தனிடம் விடுவதாகப் பேச்சு. செல்போன் உறை விற்க அவன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

அறையில் குறையே இல்லை என்று தையல்காரரான அவள் கணவர் அடித்துச் சொன்னார். அங்கே ஒன்றிரண்டு சட்டைகள் காணாமல் போனதும், தம் தையல் மேசைக்கு மேலே எரியும் வெள்ளை விளக்கைப் போலவே ஒன்றை வாங்கி உச்சியில் மாட்டியவர் அவர்தான். ஊசிக் காதே தெரிகிற வெளிச்சத்தில் திருடன் எதை மறைப்பான் என்பது அவர் கட்சி. ஆள் நுழைந்ததும் தானே எரியும், சுவிட்சைத் தடவ வேண்டாம் என்று பெருமை வேறு. திருட்டு நின்றது உண்மைதான். விற்பனையும் கூடவே நின்றது.

அன்று வந்த நாத்தனாரிடம் ஒரு நீலச் சட்டையைக் கொடுத்து உள்ளே தள்ளினாள் கடைக்காரி. போன வேகத்தில் திரும்பி வந்தாள் அவள்.

"அண்ணி, எனக்கு ஏதாவது வியாதியா? எல்லாருமா சேர்ந்து மறைக்கிறீங்களா?"

"சட்டை எப்படி இருக்கு?"

"சட்டையை யாரு பாத்தா? கண்ணுக்குக் கீழ ரெண்டு குழி. அதைத்தான் பாத்துட்டு நின்னேன்."

கடைக்காரி தானே போய்க் கண்ணாடி முன் நின்றாள். அவளுக்குப் பதில் அவள் அம்மா தெரிந்தாள், அதுவும் காய்ச்சலோடு. செல்போன் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தாள், குழி மறைந்தது. தலைக்கு மேலே தூக்கினாள்; திரும்ப வந்தது. உச்சியிலிருந்து விழும் வெளிச்சத்தைப் புருவம் தடுக்கிறது, அதன் நிழல் கண்ணில் விழுகிறது. மேசையில் படுத்துக் கிடக்கும் துணிக்கு உச்சி விளக்கு சரி. நிமிர்ந்து நிற்கும் முகத்துக்கு ஆகாது.

"அப்போ திருடனை என்ன பண்றது?" என்றார் கணவர்.

"அவன் வெளிய வந்துதானேங்க ஆகணும்?"

அந்த வாரமே சட்டைகள் நகர ஆரம்பித்தன; கொழுந்தன் வேறு இடம் தேடிக்கொண்டான். செய்தது இவ்வளவுதான்: வெள்ளை விளக்கை அறைக்கு வெளியே, கதவுக்கு மேல் மாற்றினார்கள். உள்ளே கண்ணாடியின் இரு பக்கமும், முகத்தின் உயரத்தில், ஒவ்வொரு மஞ்சள் விளக்கு மாட்டினார்கள்.