எட்டு நிமிட டிராக்டர்

காலை ஆறரை மணிக்கு வந்த மின்னஞ்சல் கலாவதிக்குப் போன உயிரைத் திருப்பிக் கொடுத்தது. பனிப்பொழிவு காரணமாகப் பரீட்சை எட்டரைக்குப் பதில் பதினொன்றரைக்குத் தொடங்கும், ரத்தாகவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து பிளெய்ன்ஸ்பரோ பக்கம் போக இந்தப் பனியில் முக்கால் மணி நேரம். பத்தரைக்கு வண்டி தெருவில் இருந்தால் போதும். சாலைப் பனியை டவுன்ஷிப் நிர்வாகத்து ஆட்கள் விடியற்காலையிலேயே தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். கராஜிலிருந்து அந்தச் சாலைக்குப் போகும் இருநூறு அடி டிரைவ்வேதான் பாக்கி. அதில் முழங்காலுக்குப் பனி கிடந்தது.

பிசியோதெரபி லைசென்ஸ் பரீட்சை நினைத்த நாளில் எழுதக்கூடியதல்ல. வருடத்தில் சில தேதிகள்தான். கோயம்புத்தூரில் எட்டு வருடம் வேலை பார்த்தவள், இங்கே வந்து லைசென்ஸ் போர்டுக்கு மார்க் ஷீட்டுகளை அனுப்பி, அவர்கள் கேட்ட பாடங்களைத் திரும்பப் படித்து, இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் மயிரிழையில் கோட்டை விட்டிருந்தாள். இது மூன்றாவது. ஒரு ரிஹாப் கிளினிக்கில் அவளுக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள், பிப்ரவரி முடிவதற்குள் லைசென்ஸோடு வந்தால் அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. இன்றைக்கு எழுதாவிட்டால் அந்த இடம் போச்சு.

இந்த நிலையில் முந்தைய நாள் சாயங்காலம் நடந்ததை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் தோழி ஷ்யாமளா, "இங்க வந்து படுத்துக்கோடி, எக்ஸாம் சென்டர் எங்க அபார்ட்மென்ட்ல இருந்து நடக்கற தூரம்" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டாள். கலாவதி பையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். அவள் கணவன் கிட்டுசாமிக்கு அது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது.

"சொந்த வீட்டுல சொந்த டிராக்டர் நிக்குது. நீ அடுத்தவங்க வீட்டு சோபால போய்ப் படுக்கறியா? கால் மணி நேர வேலை கலா. நீ தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள ரோடு மாதிரி பண்ணிக் குடுத்தர்றேன்."

அவளும் பையைப் பிரித்துவிட்டாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

டிராக்டர் என்றால் உழுகிற டிராக்டர் இல்லை. புல் வெட்ட, இலை வார, முன்னால் தகடு மாட்டினால் பனி தள்ளவும் ஆகும் சின்ன தோட்டத்து டிராக்டர். முன்பு இவர்களும் பிளெய்ன்ஸ்பரோவில் அபார்ட்மென்ட்டில் இருந்தவரைக்கும் பனி என்பது அடுத்தவன் தலைவலி. ஒன்றரை ஏக்கரோடு இந்தப் பழைய வீட்டைப் பார்த்ததும் கோபிச்செட்டிபாளையத்துக்காரனான கிட்டுசாமிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவன், யாரோ ஓய்வுபெற்ற வெள்ளைக்காரரிடமிருந்து இந்தச் சிவப்பு வண்டியை வாங்கி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். நவம்பரில் பனித் தகட்டை மாட்டி, வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஃபோட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அன்றைக்கே, போன வருடம் வரை லாரியில் வந்து பனி தள்ளிக்கொடுத்த ஆளுக்கு ஃபோன் போட்டு, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்த ஆள் ஒன்றுக்கு இரண்டு தடவை "நிச்சயமாகவா?" என்று கேட்டாராம்.

ஏழரைக்கு டிராக்டர் முதல் திருகலிலேயே கிளம்பியது. ஜன்னலில் நின்றிருந்த கலாவதிக்கு ஒரு நிமிடம் வெட்கமாகக்கூட இருந்தது, மனுஷனைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று. தகடு பனியை அள்ளி ஓரத்தில் சாய்த்தது. முப்பதடி, நாற்பதடி கருப்பாகத் தார் தெரிந்தது. கிட்டுசாமி ஜன்னலைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். எட்டாவது நிமிடம் டிராக்டர் இரண்டு முறை விக்கி நின்றுபோனது.

சாவியைத் திருகினான். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினான்.

"ஸ்பார்க் பிளக்" என்றான், கராஜுக்குள் வந்து. "வித்தவன் பழசையே மாட்டிக் குடுத்திருக்கான்."

யூட்யூபில் ஒருவர் பிளக் கழற்றுவதைப் பார்த்தான். பிறகு கழற்றினான், துடைத்தான், மாட்டினான். சாவியைத் திருகியதும் வண்டி உறுமியது. "பாத்தியா?" என்று கத்தினான். எட்டு நிமிடம் ஓடியது. நின்றது.

இப்படி ஒரு வண்டி கெட்டுப்போவதில் இருக்கிற கொடுமையே இதுதான். ஒரேயடியாகச் செத்துப்போனால் மனிதன் வேறு வழி பார்ப்பான். இது கால் மணி நேரம் சும்மா கிடந்துவிட்டுத் திரும்ப உயிர் பிழைக்கும். அந்தக் கால் மணியில் கிட்டுசாமி எதையாவது கழற்றி மாட்டியிருப்பான், தான் மாட்டியதால்தான் பிழைத்தது என்று நம்புவான். எட்டு நிமிடம் அந்த நம்பிக்கை ஓடும்.

இரண்டாவது குற்றவாளி ஏர் ஃபில்டர். அதைக் கழற்றித் தரையில் தட்டினான். தூசியே இல்லை. இருந்தாலும் சொன்னான்: "நீ துணி காயப்போடற டிரையர் பஞ்செல்லாம் கராஜுக்குத்தான் வருது. வண்டி எப்படி மூச்சு விடும்?"

பதில் பேசினால் இரண்டு வருடம் படித்த எலும்பும் நரம்பும் மறந்துபோகும் என்று கலாவதி பயந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, கராஜ் மூலையில் இருந்த, பனி அள்ளும் ஷவலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். டிரைவ்வே சாலையைத் தொடும் இடத்தில், சாலைப் பனியைத் தள்ளியவர்கள் ஒதுக்கிவிட்டுப் போன பனி இடுப்பு உயரத்துக்குக் கெட்டியாக நின்றது. அதை அசைக்க முடியாமல், அதற்கு இப்புறத்திலிருந்து வீட்டை நோக்கி அள்ளத் தொடங்கினாள். பத்தடி அள்ளுவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. எந்தத் தசை என்று அவளுக்குத் தெரியும், அதன் லத்தீன் பெயரும் தெரியும், அதனால் வலி குறையவில்லை.

டாக்ஸி ஆப்பைத் திறந்தாள். வண்டி எதுவும் இல்லை என்று அது வருத்தப்பட்டது. ஷ்யாமளாவைக் கூப்பிட்டாள்.

"என் கார் பார்க்கிங் லாட்ல புதைஞ்சு கெடக்குடி. லாட்டை மத்தியானம்தான் க்ளீன் பண்ணுவாங்களாம். நேத்தே வான்னு சொன்னேன்ல?"

"சொன்ன" என்றாள் கலாவதி.

அடுத்த தடவை வண்டி நின்றபோது, குளிரில் என்ஜின் விறைத்துப்போய்விட்டது என்று தீர்ப்பு வந்தது. காரணம், கலாவதி நேற்றுக் காய்கறிப் பைகளை இறக்கும்போது கராஜ் கதவைத் திறந்து வைத்தது. அதற்கு அடுத்த தடவைதான் உச்சம். உட்கார்ந்திருக்கும் ஆள் இறங்கினால் என்ஜின் தானாக நின்றுபோகும்படி இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறதாம். இதையும் யூட்யூப்தான் சொன்னது.

"ஆறு மாசமா தினைச் சோறு, வரகுச் சோறுன்னு போட்டு என்னைய இளைக்க வச்சுட்ட" என்று கத்தினான். "சீட்டுல ஆளே இல்லைன்னு அது நெனைச்சுக்குது. ரோஷினி! அந்த அரிசி மூட்டையைத் தூக்கிட்டு வா!"

எட்டாவது படிக்கும் மகள் ரோஷினி, பனி விடுமுறைச் சந்தோஷத்தில் பைஜாமாவோடு இருந்தவள், இருபது பவுண்டு சோனா மசூரியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, திஸ் இஸ் ஸோ எம்பாரஸிங்" என்றாள். எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியதை அவளும் பார்த்திருந்தாள்.

கிட்டுசாமி அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அதை அணைத்தபடி, மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தான். வண்டி கிளம்பியது. அவன் முகத்தில் வந்த வெற்றிச் சிரிப்பைக் கலாவதியால் சகிக்க முடியவில்லை. மடியில் குழந்தையோடு தேரில் போகிறவன் மாதிரி பதினைந்தடி போனான். நின்றது.

மணி ஒன்பது ஐம்பது. நடுவில் இன்னும் நூறு அடி இருந்தது. கலாவதி திரும்பி நின்று, பனி லாரிக்காரரின் நம்பரைத் தேடி ஃபோன் போட்டாள். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். பட்டியல் நிறைந்துவிட்டது, இரண்டு மணிக்கு வருகிறேன் என்றார். அவள் நன்றி சொல்லி வைத்தாள். பிறகு ஷவலைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டுப் போய் டிராக்டருக்கு முன்னால் நின்றாள்.

"போதும், எறங்குங்க."

"இன்னொரு தடவை கலா, இந்த ஃப்யூயல் பைப்பை மட்டும்…"

"எத்தனை தடவைங்க? பிளக்கு, ஃபில்டரு, கதவு, சோறு! நான் துணி தொவைச்சா தப்பு, காய் வாங்குனா தப்பு, உங்களுக்குச் சோறாக்கிப் போட்டா தப்பு! நேத்து நான் போறேன்னு சொன்னேன். கெஞ்சுனேன். உங்க வண்டி பெருமைக்கு என் பரீட்சைதானா கெடைச்சுது? ரெண்டு வருசங்க! காலைல நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிச்சேன். உங்களுக்கு இது வெளையாட்டு. எனக்கு இதை விட்டா ஒண்ணும் இல்லை."

குரல் உடைந்துவிட்டது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. ஷவலை எடுத்துக்கொண்டு வந்து, டிராக்டருக்கு நாலடி முன்னாலிருந்து அழுதுகொண்டே அள்ளினாள். நூறு அடியை அரை மணி நேரத்தில் கையால் அள்ள முடியாது என்று தெரிந்தே அள்ளினாள்.

கிட்டுசாமி இறங்கினான். இந்தத் தடவை யூட்யூபைத் திறக்கவில்லை. அரிசி மூட்டையை இருக்கையில் வைத்தான். டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பெட்ரோல் முள் நிறைய இருப்பதாகக் காட்டியது. முள்ளையும் நம்பாமல், தொட்டிக்குள்ளேயே பார்த்துவிடலாம் என்று மூடியைத் திருகினான். சோடா பாட்டில் திறந்த மாதிரி 'புஸ்' என்று ஒரு சத்தம்.

கலாவதிக்கும் அது கேட்டது. நிமிர்ந்தாள். அவன் மூடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கருப்பு மூடியின் தலையில் வட்டமாகக் காய்ந்த மஞ்சள் பூச்சும், அதற்கு நடுவே ஒரு சிவப்புத் துணுக்கும் அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தன.

அவளே வைத்த சந்தனம். அக்டோபரில் ஆயுத பூஜை அன்றைக்குக் கிட்டுசாமிக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ், வீட்டிலிருந்தே வேலை, அறையை விட்டு வெளியே வரவில்லை. பூஜையை அவள்தான் செய்தாள். கார், மிக்ஸி, டிரெட்மில், தன்னுடைய பரீட்சைப் புத்தகங்கள், கடைசியாக டிராக்டர். முகம் மாதிரி உருண்டையாக இருந்தது அந்த மூடி ஒன்றுதான். மூன்று விரலால் சந்தனத்தை எடுத்து நடுவில் கெட்டியாக அப்பி, குங்குமம் வைத்து, இந்தத் தடவையாவது பாஸ் பண்ண வை என்று வேண்டிக்கொண்டாள். மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருப்பதையும், பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் என்ஜினுக்கு வரும் என்பதையும் அவளிடம் யார் சொன்னார்கள்? காற்று போகாவிட்டால் எட்டு நிமிடம்தான்; கால் மணி நேரம் கிடந்தால் மூடி இடுக்கில் காற்று கசிந்து இன்னொரு எட்டு நிமிடம். அந்த வருடம் கடைசிப் புல்லை வெட்டியது பூஜைக்கு முன்னால். நவம்பரில் ஃபோட்டோவுக்காக ஓட்டியது ஐந்து நிமிடம். யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

இப்போது வரும் என்று காத்திருந்தாள். டிரையர் பஞ்சுக்கு அவ்வளவு கத்தியவன் இதற்கு என்ன கத்துவான்! இதைச் சும்மா விடுவானா? தீபாவளிக்கு, பொங்கலுக்கு, ஊர் வாட்ஸ்அப் குழுவில், ஷ்யாமளா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், இன்னும் இருபது வருடத்துக்குச் சொல்லுவான். கத்தட்டும். இந்தத் தடவை அவன் பக்கம் நியாயம்.

கிட்டுசாமி அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். கையுறையைக் கழற்றிக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். சாவிக் கொத்தில் மாட்டியிருந்த ஊக்கை நீட்டி ஓட்டையைக் குத்தினான். ஊதினான். மூடியைப் பேன்ட்டில் பளிச்சென்று துடைத்து, பழையபடி திருகினான். அரிசி மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

எட்டு நிமிடம் ஆனது. ஒன்பதாயிற்று. கலாவதி ஓரமாக ஒதுங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். டிராக்டர் பாட்டுக்கு ஓடியது. நடுவில் இருந்த நூறு அடியும் போனது. சாலையோரக் கெட்டிப் பனியில் மூன்று முறை மோதி, நான்காவது மோதலில் அதையும் சாய்த்தது. அவள் உள்ளே ஓடிப் பாஸ்போர்ட்டையும் நுழைவுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினாள். பத்து முப்பத்தாறு. நேரம் இருந்தது.

டிரைவ்வே முனையில் அவன் டிராக்டரை ஓரம் கட்டி நின்றிருந்தான். புருவத்திலெல்லாம் பனி. அவள் கண்ணாடியை இறக்கினாள். கேட்காமல் போயிருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னங்க ஆச்சு அதுக்கு?"

"கார்புரேட்டர்ல என்னமோ தூசி" என்றான் கிட்டுசாமி, சாலையைப் பார்த்துக்கொண்டே. "இந்த ஊர்ப் பெட்ரோலே சுத்தமில்லை. நீ எதையும் மனசுல போட்டுக்காம போய் எழுது. மெதுவா ஓட்டு."

கதவின் மேல் வைத்திருந்த அவன் கட்டைவிரல் நகத்துக்குள் சந்தனம் இருந்தது.

காலையிலிருந்து, செய்யாத தப்புக்கெல்லாம் அவளைக் கூண்டில் ஏற்றிய மனுஷன்! செய்த தப்பு கையும் களவுமாக அகப்பட்டபோது பாவி அதைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு நிற்கிறான். கலாவதிக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. மூன்று மணி நேரமாகச் சேர்த்து வைத்த கோபம் அவளிடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பரீட்சையை எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தாள். அதையும் இப்படிப் பிடுங்கிக்கொண்டால் எதை வைத்து எழுதுவது?

"வந்து உங்களைப் பேசிக்கறேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் அழுதுவிடுவாள் என்பதால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சாலையில் திரும்பினாள்.