முதுநகரில் பொழுது தாமதமாக விடிந்த விவரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருஷம் மார்கழி மாதம் கடலூர் ஓ.டி.யில், அதாவது முதுநகரில், பொழுது தாமதமாக விடிந்தது. முதல் வாரம் கால்மணி நேரம், அடுத்த வாரம் ஒரு மணி நேரம், அப்புறம் அதற்கு ஒரு வரைமுறையே இல்லை. சிதம்பரத்தில் ஒழுங்காக விடிந்தது, பண்ருட்டியில் ஒழுங்காக விடிந்தது. அவ்வளவு ஏன், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூட நேரத்துக்கு எழுந்து பல் விளக்கிவிட்டு இந்தப் பக்கத்து இருட்டை வேடிக்கை பார்த்தார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆட்டி எண்ணெய் எடுக்கிற மில்லின் சங்குச் சத்தம் எதுவரைக்கும் கேட்குமோ அதுவரைக்கும்தான் இருட்டு. சிதம்பரம் போகிற முதல் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு கிளம்பும். ஆலப்பாக்கம் தாண்டினதும் சுள்ளென்று வெயில் அடிக்க, டிரைவர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறு கையால் ஓட்டுவார்.

காரணம் பஞ்சநாதன்தான். மில்லில் பாய்லர் பார்க்கிறவர். இருபத்திரண்டு வருஷமாக மூன்றரை மணிக்கு எழுந்துபோய், மல்லாட்டைத் தோலைக் கூடை கூடையாக அடுப்பில் கொட்டி, ஆவி ஏறினதும் சங்கிலியைப் பிடித்து இழுப்பார். சங்கு ஊதும், சூரியன் வரும். சாயங்காலம் இன்னொரு தடவை இழுப்பார், சூரியன் போகும். சங்கைக் கேட்டுச் சூரியன் வருகிறதா, சூரியன் வரப்போகிறதென்று சங்கு ஊதுகிறதா என்று அதுவரைக்கும் ஊரில் ஒருத்தரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. அந்த மார்கழியில்தான் விஷயம் வெட்டவெளிச்சமாயிற்று. வெளிச்சம் ஆயிற்று என்றும் சொல்ல முடியாது, இருட்டாகத்தானே இருந்தது!

மார்கழி ஒன்றாம் தேதி பெண்சாதி தனம் எழுப்பியபோது பஞ்சநாதன் போர்வைக்குள்ளிருந்து "தோ எந்திரிக்கிறேன்" என்றார். அந்தத் ‘தோ’ பதினைந்து நிமிஷம் நீண்டது. மறுநாள் ‘தோ’ இருபது நிமிஷம். கால் இரண்டிலும் ஈர மணல் மூட்டையைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது, மனசு எழுந்தாலும் உடம்பு எழமாட்டேன் என்கிறது என்று அவர் சொன்னார். பொய் இல்லை, மனுஷன் நிஜமாகவே தவித்தார். ஊர்க்காரர்கள் சீக்கிரமே இந்தத் ‘தோ’வை அளவாக எடுத்துக்கொண்டார்கள். பஸ் எப்போது வரும் என்று கேட்டால், "ரெண்டு தோ ஆவும்" என்றார்கள்.

வைத்தியத்துக்குக் குறைச்சல் இல்லை. சுக்குக் காப்பி கொடுத்தார்கள்; குடித்துவிட்டு, நெஞ்சுக்கு இதமாக இருக்கிறதென்று இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார். தலையில் குடம் குடமாகப் பச்சைத்தண்ணீர் ஊற்றினார்கள், தும்மல்தான் வந்தது. கண் விழித்ததும் வாய்விட்டுச் சிரித்தால் சுறுசுறுப்பு வரும் என்று யாரோ பத்திரிகையில் படித்துவிட்டு வந்து சொல்ல, இரண்டு நாள் சிரித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. மில் முதலாளி ஒரு அலாரம் டைம்பீஸ் வாங்கி அனுப்பினார். முதல் நாள் அது கணீரென்று அடித்தது. நாலாம் நாள், சேர்க்கை தோஷமோ என்னவோ, ஒரு தடவை ‘ணிங்’ என்று முனகிவிட்டு அதுவும் தூங்கிப்போயிற்று.

பதினைந்தாம் தேதிக்குள் ஓ.டி. ஒரு முழு நாள் பின்தங்கியது. மீன்காரி கொளஞ்சியம்மாள்தான் முதலில் அடிபட்டாள். துள்ளத் துள்ள கெளுத்தியைக் கூடையில் வைத்துச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனால், அங்கே ஒருத்தி செவுளைக்கூடத் தூக்கிப் பார்க்காமல், "ஒங்க ஊர்ல இன்னும் நேத்துதானே? அப்ப இது நேத்து மீனுதான்" என்றாள். கொளஞ்சியம்மாள் நாலு வீதி கேட்கிற வாய்க்காரி. அன்றைக்கு அவளே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி பஸ் ஏறிவிட்டாள்.

முஹம்மது இஸ்மாயிலுக்கு வேறு கஷ்டம். அந்த மார்கழியில் நோன்பு மாதமும் சேர்ந்து வந்திருந்தது. விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்குத் தெருத்தெருவாகத் தப்பு அடித்து எழுப்புகிறவர் அவர். எழுப்பிவிட்டார், சாப்பிட்டார்கள். விடியவில்லை. சரி என்று மறுபடி சாப்பிட்டார்கள். அப்போதும் விடியவில்லை. அந்த வருஷம் நோன்பு வைத்து உடம்பு பெருத்த ஊர் அது ஒன்றுதான். இஸ்மாயில் பஞ்சநாதன் வீட்டு ஜன்னலில் நின்று கெஞ்சினார். "மச்சான், வயிறு வெடிச்சிடும்போல இருக்கு. ஒரே ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்து படுத்துக்கியேன்."

"தோ" என்றார் பஞ்சநாதன்.

இதிலெல்லாம் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. பஞ்சநாதனின் ஒரே மகள் குணசுந்தரிக்குக் கார்த்திகையிலேயே நிச்சயமாகி, தை மூன்றாம் தேதி காலை சிதம்பரத்தில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் தகப்பனார் நடனசபாபதி ஒரு தூக்குப் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலும் கையில் கரும்புமாக ஓ.டி.யில் வந்து இறங்கினார். அவர் ஊரில் மாட்டுப்பொங்கல், பட்டப்பகல். இங்கே கும்மிருட்டு. காலண்டரில் மார்கழி இருபத்தெட்டு.

"நாளைக்கு விடிஞ்சா முகூர்த்தம் சம்பந்தி. மேளம் வந்துடிச்சி, சமையக்காரன் கோட்ட அடுப்பு வெட்டிட்டான். பொண்ணு எங்க?" என்றார்.

"எங்களுக்கு இன்னும் தை பொறக்கலீங்க" என்றாள் தனம். "மார்கழியில பொண்ண தாலி கட்டிக்க அனுப்பச் சொல்றீங்களா? வாசப்படி தாண்ட வுடமாட்டேன்."

"அப்ப இந்தக் கல்யாணத்துக்குச் சங்குதான்" என்று சொல்லிவிட்டு, யார் வீட்டில் நின்று எதைச் சொல்கிறோம் என்று உறைத்து நடனசபாபதி நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கல்யாண மண்டபத்தில் தன் தங்கச்சி அவள் பெண்ணுக்குப் பட்டுச்சேலை கட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று தயாராக உட்கார்த்தி வைத்திருப்பதைச் சொன்னார். பொங்கல் பாத்திரத்தை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

போர்வைக்குள் இருந்த பஞ்சநாதனுக்கு எல்லாம் காதில் விழுந்தது. கல்யாணம் நின்றுவிடும் என்று கேட்டதும் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. குளுகுளு என்று ஒரு சந்தோஷம் வந்தது. அது வந்ததும்தான் அவருக்குத் தன் வியாதி புரிந்தது. சீ, நானும் ஒரு தகப்பனா என்று வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தனத்துக்கு இது ரொம்ப நாளாகவே தெரியும். "ஒங்களுக்குக் குளுரும் இல்ல, சோம்பலும் இல்ல. தை பொறந்தா பொண்ணு போயிடுமேன்னு மாசத்தையே புடிச்சி வச்சிக்கினு கெடக்குறீங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

குணசுந்தரி வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். போர்வையை இழுக்கவில்லை. "யப்பா, அவரு அன்னைக்கிப் பொண்ணு பாக்க வந்தாரே, பொங்கிப் பொங்கிப் பேசல, பல்ல இளிக்கல. ஒனக்கு மொத காப்பியக் குடுங்கன்னு சொன்னாரு. எனக்கு அவரப் புடிச்சிருக்குப்பா. எந்திரிப்பா."

"தோ" என்றார் பஞ்சநாதன். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கட்டில் காலியாக இருந்தது.

அன்றைக்கு அவர் செய்ததை ஓ.டி.க்காரர்கள் இன்றைக்கும் சாதாரணமாகத்தான் சொல்கிறார்கள். ஓட்டமாகப் போய் அடுப்பில் தோலைக் கொட்டினார். இழுத்தார், விடிந்தது. அரைமணி கழித்து இழுத்தார், சாய்ந்தது. மார்கழி இருபத்தெட்டு ஒழிந்தது. மறுபடி கொட்டி, மறுபடி இழுத்து, போகி. பழைய பாய் எரிந்து முடிவதற்குள் பொங்கல். பானை பொங்கினதும் "பொங்கலோ பொங்கல்" சொல்லி வாயை மூடவில்லை, மாட்டுப்பொங்கல். ஒரு கொம்புக்கு மட்டும் வர்ணம் அடித்துக்கொண்ட மாடுகள் தெருவில் திகைத்து நின்றன. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் கூடி நின்று, வெளிச்சம் வருவதையும் போவதையும் பார்த்துக் கை தட்டினார்கள். இஸ்மாயில் ஒரே பகலில் மூன்று நோன்பு திறந்து, பேரீச்சம்பழம் தீர்ந்துவிட்டதென்று கடைக்கு ஓடினார். பஞ்சநாதனின் கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. அவர் அழுதுகொண்டேதான் தோல் கொட்டினார் என்று கூடை எடுத்துக் கொடுத்தவர்கள் சொன்னார்கள். ஆனால் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

மாட்டுப்பொங்கலின் சாயங்காலச் சங்கை இழுத்துவிட்டு, சங்கிலியை இஸ்மாயில் கையில் கொடுத்து, பெண்ணோடும் தனத்தோடும் கடைசி பஸ் ஏறினார். ஆலப்பாக்கம் வந்தது. இந்தப் பக்கமும் இருட்டு, அந்தப் பக்கமும் இருட்டு. டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. பட்டுச்சேலை கட்டியிருந்த அத்தைப் பெண் மூன்று தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டாள். அன்றைய விடியலை இஸ்மாயில் இழுத்தார், நிமிஷம் தப்பவில்லை.

அதற்கப்புறம் ஓ.டி.யில் எந்த மார்கழியிலும் பொழுது பிந்தவில்லை. குணசுந்தரி தலைத்தீபாவளிக்கு வந்து, நாலு நாள் இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பின அன்றைக்கு மட்டும் விடிய ஒரு ‘தோ’ தாமதமாயிற்று. அப்புறம் பிரசவத்துக்கு வந்துவிட்டுப் போனபோதும், அடுத்தடுத்து வந்துபோனபோதும் அப்படித்தான். யாரும் மில்லில் போய்க் கேட்கவில்லை. "குணா ஊருக்குப் போவுதுபோல" என்று சொல்லிப் புரண்டு படுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டியின் கண்டக்டர், வாய்வரைக்கும் கொண்டுபோன விசிலைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு டீ சொன்னார்.