எண்ணெய்க்கு விடாத இடம்

மாதேஸ்வரனுக்குச் சத்தம் ஆகாது. யுத்தகாலம், எஞ்சின் எண்ணெய்க்கும் உதிரிச் சாமானுக்கும் நாய் படாத பாடு. அவனுடைய பழைய வாடகைக் காரோ பேரிங் தேய்ந்து லொடலொடவென்று அடித்துக்கொண்டு, நின்ற இடமெல்லாம் எண்ணெய் சிந்தும். காருக்கு முன்னே சத்தம் வந்துவிடுகிறது என்று மாரண்டஹள்ளிச் சந்தையே கேலி பேசியது. முன்பு கட்டைவண்டி ஓட்டியவன் அவன். ஆடுகிற அச்சை இறுக்குவதுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம். பேரிங் இடுக்கில் இருந்த பித்தளைத் தகடுகளை உருவிப் போட்டுவிட்டு, இம்மி இடைவெளி இல்லாமல் முறுக்கினான். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பது அவன் கட்சி. சத்தம் நின்றது, ஒழுக்கும் நின்றது. அன்றைக்கு அவன் நடந்த நடையைப் பார்க்க வேண்டும்.

அந்த வாரமே அவன் மனைவி காசியம்மாளுக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றாள் மருத்துவச்சி. காசியையும் மாமியார் ராமக்காவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். பாலக்கோடு தாண்டியதும் எஞ்சின் காய்ந்து, கிறீச்சிட்டு நின்றது. அடியில் படுத்துக் கழற்றினான். எண்ணெய் நுழைய வழியில்லாத பேரிங்கில் உள்ளே பூசியிருந்த ஈயம் உருகி ஓடியிருந்தது. மேலே காசி அலறினாள். பாவி, நானே கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவனுக்கு நேரமில்லை.

பக்கத்துக் கிணற்றில் தர்மன் என்ற குடியானவர் மாடு கட்டி நீர் இறைத்துக்கொண்டிருந்தார். நீர் மொள்ளும் சாலின் தோலில் ஒரு துண்டு கேட்டான். அறுத்தால் அவர் பயிர் காயும். அவர் அலறலைக் கேட்டார். அறுத்துக் கொடுத்தார். விளக்கெண்ணெய் ஊறிய தோல். ஈயம் இருந்த இடத்தில் அதைச் சுற்றி, இந்தத் தடவை எண்ணெய்க்கு இடம் விட்டு முடுக்கினான். எண்ணெய்க் கையில் மரை வழுக்கியது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

ஒருவழியாக எஞ்சின் கிளம்பியது. விரட்டினால் தோல் கிழிந்துவிடும். மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினான். போகப் போக அலறல் முனகலாயிற்று. தர்மபுரி விளக்குகள் தெரிந்தபோது முனகலும் இல்லை.

"கத்து காசி, எதாச்சும் சத்தம் போடு" என்றான், திரும்பிப் பார்க்கத் துணியாமல்.

ராமக்காதான் பேசினாள். "மெதுவாவே போங்க மாப்ள. இனி அவசரமில்ல."

ஒரு சொட்டு ஒழுகாமல், லொட்டென்ற சத்தம்கூட இல்லாமல் கார் ஓடிக்கொண்டிருந்தது.