திறந்தவர் மூடக்கூடாது

எங்கள் பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான். திறந்தவர் மூடக்கூடாது. என் கணவர் கழற்றிய மூடியை நான் முடுக்க வேண்டும், நான் கழற்றினால் அவர். முடுக்குவதற்கு முன்னால் "ஆச்சா?" என்று கேட்டு, "ஆச்சு" என்று பதில் வந்த பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும். பதினொரு வருடமாக இப்படித்தான். சட்டம் போட்டதே நான்தான் என்ற பெருமை வேறு எனக்கு.

அந்த வியாழக்கிழமை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு நாளைக்கு முன் ஒரு வாடிக்கையாளர் எதிரில் அவர் என்னை "அவசரக் குடுக்கை" என்று சொல்லிவிட்டார். தனியாகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்திருப்பேன். அடுத்தவன் முன்னால் சொன்னதுதான் பொறுக்கவில்லை. அவரே வந்து பேசட்டும் என்று நான் இருந்தேன். அவரும் அதே வீம்பில் இருந்தார்.

வந்திருந்தது என் தம்பியின் கார். பழசுதான், ஆனால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்தது. மிதித்தால் பறக்கும். அந்த சூப்பர்சார்ஜரின் மூக்குக்குள் சுழலும் பல்சக்கரங்களுக்கென்று தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு. எஞ்சின் ஆயிலோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஒரு டம்ளர்கூட நிறையாது. அதை மாற்றிக் கொடுத்துவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதை வழியாக மாமியார் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றான்.

கணவர் மூடியைக் கழற்றி, சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டிப் பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். கறுப்பாக வந்தது. பட்டறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். புது எண்ணெய் எடுப்பதற்காக சிரிஞ்சைத் துடைத்துத் துணிமேல் வைத்தார். அந்த நேரம் பார்த்து உதிரிபாகக் கடைக்காரர் கூப்பிட்டார். கணவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் வந்தபோது சுத்தமான சிரிஞ்சும் பக்கத்தில் மூடியும் இருந்தன. ஊற்றி முடித்துவிட்டார் என்று நினைத்தேன். "ஆச்சா?" வாய் வரைக்கும் வந்தது. நானாகப் போய்ப் பேசுவதா? துளைக்குள் விரலை விட்டுப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அதையும் செய்யாமல் முடுக்கினேன். திரும்பி வந்தவர் மூடியிருப்பதைப் பார்த்து, நானே ஊற்றி மூடிவிட்டதாக எடுத்துக்கொண்டார். அவரும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குத் தம்பி கிளம்பினான். பின்சீட்டிலிருந்து அவன் மகள் எனக்குக் கையாட்டினாள்.

நாலு மணி வாக்கில் மேசையை ஒதுக்கினேன். புது எண்ணெய் புட்டி அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதன் வாயில் ஒட்டியிருந்த தாள் கிழியவில்லை. அதை எடுத்துக்கொண்டு கணவரிடம் ஓடினேன்.

"இத நீங்க ஊத்தலயா?"

"நீதானே மூடின?" புட்டியை வாங்கிப் பார்த்தார். "எண்ணெய் இல்லாம சூப்பர்சார்ஜர் இறுகிடும். இறுகினா பெல்ட் அறுந்துடும். ஸ்டீயரிங்குக்கும் அதே பெல்ட்தான். கூப்பிடு அவன, சீக்கிரம்!"

மூன்றாவது ரிங்கில் தம்பி எடுத்தான். "அக்கா! என்ன வேலை பாத்தீங்க ரெண்டு பேரும்? வண்டி முன்னவிட ஜோரா ஊளையிடுது. பாப்பா இன்னும் மிதி, இன்னும் மிதிங்கறா."

அது காய்ந்த பல்சக்கரம் போடும் சத்தம்.

"ஓரமா நிறுத்துடா."

"ஏன்?"

எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டோம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பட்டறைக்காரி அக்காவுக்கு நாக்கு எழவில்லை. அவசரக் குடுக்கை என்றவரும் பக்கத்திலேயே நிற்கிறார்.

"சொன்னா கேளேன். அவ்ளோ வேகம் வேணாம். நிறுத்து."

"ஆரம்பிச்சிட்டியா? எப்ப பாரு இதே பாட்டுதான் உனக்கு." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை.

பட்டறை வண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினோம். இறக்கத்தில், ஒரு வளைவில், சுவரில் மூஞ்சி நசுங்கி நின்றது கார். உள்ளே யாரும் இல்லை. சீட்டில் ரத்தம் இருந்தது.

அடிவார மருத்துவமனையில், அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே தம்பி உட்கார்ந்திருந்தான். நெற்றியில் கட்டு. மகள் உள்ளே இருந்தாள். பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"ஸ்டீயரிங் திரும்பவே இல்லக்கா. நீ படிச்சுப் படிச்சு சொன்ன. நான்தான் கேக்கல. என் பொண்ண நானே…"

கணவர் என் முழங்கையைத் தொட்டார். "சொல்லிடு," என்றார் மெதுவாக.

தம்பியின் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"அழாதடா," என்றேன். "நான் சொன்னப்பவே நீ நிறுத்தியிருக்கலாம்."