இரண்டாவது சொடுக்கு

மலை முகடு நேர் எதிரே நெருங்கிக்கொண்டிருந்தபோது என்ஜின் குலுங்க ஆரம்பித்தது.

கண்ணாடி, கதவு, பல் எல்லாம் ஆடின. வலது இருக்கையிலிருந்த கணவன் கீழே எட்டிப் பார்த்தான். காடு. இறங்கக் கையகல இடமில்லை.

அவன் முந்நூறு பேரைச் சுமக்கும் ஜெட் விமானத்தின் கேப்டன். இந்த ஒற்றை என்ஜின் குருவியை ஓட்டுவதோ அவன் மனைவி.

"பெட்ரோல் இருக்கு, ஆயில் சரியா இருக்கு. மேக்னெட்டோதான்," என்றாள்.

என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோக்கள் இரண்டு. இரண்டும் சேர்ந்தே உழைக்கும். அவள் முதலில் என்ஜின் வேகத்தைக் குறைத்துவிட்டு, அவற்றை மாற்றும் சாவியைப் பிடித்தாள்.

"ஏய், அதை ஏன் தொடுறே?"

"எது மக்கர் பண்ணுதுன்னு பார்க்க வேண்டாமா? சும்மா இரு."

ஒரு சொடுக்கு. இடது மட்டும். விமானம் பேய் பிடித்ததுபோல் உதறியது. அடுத்த சொடுக்கு வலது. அதையும் தாண்டினால் என்ஜினே அணைந்துவிடும். அவள் விரல் நடுங்கவில்லை.

சொடுக்.

குலுக்கல் நின்றது.

"அப்பாடா! சரி, மறுபடி ரெண்டையும் போடு." அவன் கை தானாகச் சாவிக்குப் போனது. அவன் விமானத்தில் எல்லாமே இரண்டு, மூன்று. ஒன்றை நம்பிப் பறப்பது அவன் ரத்தத்திலேயே இல்லை.

பட்டென்று கையில் அடித்தாள். "இடது செத்திருந்தாக்கூடப் பரவாயில்லப்பா. நேரங்கெட்ட நேரத்துல பொறி விடுது. சேர்த்துப் போட்டா என்ஜினையே உடைச்சிடும்."

"அந்த ஒண்ணும் போயிட்டா?"

"அப்ப பயந்துக்கலாம். இப்ப மலையைப் பாரு!"

ஒற்றை மேக்னெட்டோவில் பலம் சற்றுக் குறைவு. மூக்கை அதிகம் தூக்கினால் வேகம் செத்துவிடும், தூக்காவிட்டால் பாறை. முகடு தாழ்ந்திருந்த இடத்தை நோக்கிப் பதமாகத் திருப்பினாள். மர உச்சிகள் சக்கரங்களை உரசுவதுபோல் ஓடின. கட்டுப்பாட்டைத் தன் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அவனுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

பாறை விலகியது. பள்ளத்தாக்கு விரிந்தது.

காய்கறி விலை விசாரிக்கும் குரலில் ரேடியோவில் நிலைமையைச் சொல்லிவிட்டு, பக்கத்து ஓடுதளத்தில் பூப்போல இறக்கினாள்.

என்ஜின் அணைந்தது.

"நானா இருந்தா ரெண்டையும் போட்டு, நம்ம ரெண்டு பேரையும் பாறையில ஒட்டியிருப்பேன்," என்றான்.

"தெரியும்," என்றவள் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் விரல்கள் வெடவெடத்தன.

அவன் அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டான். இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கக் கதவைத் திறந்தான்.

"இறங்குங்க, கேப்டன்."