பாலத்துக்கு இந்தப் பக்கம்

தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறி, திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் மதார் வந்து நின்றபோது வீட்டுக்கு இன்னும் மூன்று மைல்தான் இருந்தது. பாலத்தைத் தாண்டிக் கொக்கிரகுளம் போய்த் தெற்கே திரும்பினால் மேலப்பாளையம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம், மாசி மாதம், காலை நேரம். மக்காவுக்குப் போய் ஹஜ்ஜை முடித்து, ஐந்து மாதம் கடலிலும் மணலிலும் அலைந்துவிட்டு வருகிறவன் என்ன செய்வான்? வண்டியைப் பிடித்து வீட்டுக்குப் பறப்பான். இந்த மனிதன் தலையில் கட்டியிருந்த ஹாஜியார் தலைப்பாகையை ரயிலிலேயே அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டான். வண்டிக்காரர் குற்றாலலிங்கத்திடம், பத்துப் பதினொரு நாள் தங்க ஓர் இடம் வேண்டும், ஆனால் பாலத்தைத் தாண்டக் கூடாது என்றான்.

குற்றாலலிங்கம் அவனையும் பார்த்தார், அவன் காலடியில் இருந்த இரண்டு தகரப் பெட்டிகளையும் பார்த்தார். பாலத்தைத் தாண்டக் கூடாது என்று ஒருவன் கேட்டு அவர் இதுவரை கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? ஊரில் உள்ள இடங்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார். கோயில் பக்கத்துச் சத்திரங்களில் சாயபுமாருக்கு இடம் கிடையாது. காப்பி கிளப்பில் தெருவில் நின்று வாங்கிக் குடிக்கலாம், படுக்க முடியாது. துரைமார் பங்களாவுக்குத் துரையாகப் பிறந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ வேதக்காரர்கள் வீடு உண்டு, ஆனால் அது பாலத்துக்கு அந்தப் பக்கம்.

“பேட்டைக்குப் போங்களேன் அண்ணாச்சி. ஒங்க ஆளுக நெறைய இருக்காகள்லா?”

பேட்டை என்றதும் மதார் வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினான். அங்கே அவன் நூல் வாங்குகிற கடைகள் இருந்தன. காலையில் அவன் முகம் அங்கே தெரிந்தால், மத்தியானத் தொழுகைக்குள் மேலப்பாளையம் முழுவதும் சேதி போய்விடும். தெரிந்த முகமே இல்லாத இடமாகப் பாருங்கள் என்றான். கடைசியில் குற்றாலலிங்கம் சிந்துபூந்துறையில் ஆற்றோரமாக ஒரு மாடி வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினார். கோர்ட்டு வேலையாக வருகிற கடற்கரைக்காரர்கள் தங்குகிற விடுதி அது. நடத்தியவள் மணப்பாட்டுக்காரி இஞ்ஞாசியம்மாள், ஐம்பது வயதைத் தாண்டிய விதவை. சாப்பாடு மீனும் சோறும் மட்டுந்தான், இறைச்சி வேண்டுமென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். ஹலாலா என்று பார்க்க வேண்டியதில்லை, அதுவே மதாருக்கு வசதியாகப் போயிற்று.

ஏன் இந்த ஒளிவு மறைவு என்று கேட்பீர்கள். அவன் கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் அவனுடையது. மற்றது அவன் மச்சான் ஹபீப் முகம்மதுவின் பெட்டி. மச்சான் இல்லை. பம்பாயை விட்டுப் புறப்பட்ட ஏழாம் நாள் கப்பலில் மூச்சு இளைப்பு கண்டு, இரவெல்லாம் மதாரின் தோளில் சாய்ந்திருந்து, விடியும்போது அடங்கிப் போனார். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழவைத்து, கடலில் இறக்கினார்கள். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது, மக்காவின் மண்ணை அவர் மிதிக்கவே இல்லை. மேலப்பாளையத்திலிருந்து அந்தக் கப்பலில் போனவர்கள் இவர்கள் இரண்டே பேர். மதார் எழுதினால்தான் ஊருக்குச் சேதி. ஜித்தாவில் எழுத உட்கார்ந்தான், மக்காவில் உட்கார்ந்தான், பம்பாயிலும் உட்கார்ந்தான். சலாம் எழுதுவான், அடுத்த வரி வராது. காகிதத்தைக் கிழித்துப் போடுவான்.

ஹபீப் முகம்மதுவின் பெண்சாதி பெயர் பாத்து. மதாரின் கூடப்பிறந்த அக்காள், அவன் வாய்க்கு லாத்தா. அவனைவிட ஏழு வயது மூப்பு. தன் பெண்சாதி பிரசவத்தில் போனதிலிருந்து மதாருக்கு வீடு என்றால் லாத்தா வீடுதான். அவருக்கு இளைப்பு இருக்கிறது, அடுத்த வருஷம் போகலாமே என்று லாத்தா சொன்னாள். இந்த வருஷமே போவோம் மச்சான் என்று பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனவன் மதார்தான்.

அதையாவது அவன் தாங்கிக்கொள்வான். தாங்க முடியாதது இன்னொன்று. புருஷன் மவுத்தாகிப் போனால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் இத்தா இருக்க வேண்டும். வெளியே வரக் கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது, நகை நட்டு கூடாது. பாத்து அதை ஏற்கெனவே ஒரு முறை இருந்தவள். பதினைந்து வயதில் கட்டிக்கொடுத்து, ஆறே மாதத்தில் அந்தப் புருஷன் பேதியில் போய்விட்டான். அவள் இன்றும் குடியிருக்கிற தாய்வீட்டில், தறிக்குப் பின்னால் இருந்த ஜன்னலில்லாத அறையில் அவளை வைத்தார்கள். நாள் முடிந்து முற்றத்துக்கு அவளைக் கூட்டிவந்தபோது எட்டு வயது மதாரும் அங்கே நின்றான். வெயில் பட்டதும் அவள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறிய அலறலை அவன் இன்றுவரை மறக்கவில்லை. பகைக்காரிக்கும் அந்த அறை வேண்டாம் என்று பின்னாளில் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

பம்பாயில் ஹாஜிமார் தங்கும் முசாபர்கானாவில், மார்க்கம் படித்த ஓர் ஆலிமிடம் மதார் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டான். சேதி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இத்தா மவுத்தான நாளிலிருந்துதான் கணக்கு என்றார் அவர். சேதி வருவதற்குள் நாள் கழிந்துவிட்டால் இருக்க வேண்டியதே இல்லை என்றும் சொன்னார். மதார் விரலை மடக்கி எண்ணினான். ஊர் போய்ச் சேரும்போது இன்னும் பதினொரு நாள் மிச்சம் இருக்கும். அந்தப் பதினொரு நாளை எங்கேயாவது கிடந்து கழித்துவிட்டால் லாத்தாவுக்கு அந்த இருட்டு அறை இல்லை. அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லிக்கொண்டான். அவள் முகத்துக்கு முன்னால் போய் நிற்கப் பயந்தான் என்பதும் உண்மைதான், அதை மட்டும் அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

விடுதியில் அவனுக்குக் கிடைத்தது மாடியறை. ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும், பாலம் தெரியும். மேலப்பாளையத்து நெசவாளிகள் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் வருவார்கள். நடையை வைத்தே சிலரை அடையாளம் கண்டு, சட்டென்று ஜன்னலைச் சாத்துவான். பகலில் வெளியே இறங்குவதில்லை. அறையிலேயே தொழுதான். மச்சானின் பெட்டி மூலையில் பூட்டுப் போட்டபடி இருந்தது. அதற்குள் லாத்தா செய்து கொடுத்த இஞ்சி முரப்பா பாதி தீர்ந்த டப்பாவில் கிடந்தது.

இஞ்ஞாசியம்மாள் அவன் வந்த அன்றே கேட்டுவிட்டாள், ஓர் ஆளுக்கு எதற்கு இரண்டு பெட்டி என்று. கூட வந்தவர் பின்னால் வருகிறார் என்று சொல்லிவைத்தான். அவளும் நல்ல மனசோடு தினமும் குசினியில் இன்னொருவருக்கும் சேர்த்து உலை வைத்தாள். நாலு நாள், ஐந்து நாள், ஒருவரும் வரவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் அறையைப் பெருக்க வந்தவள் துடைப்பத்தை வைத்துவிட்டு, உன்னோடு வந்தவர் எங்கே என்று நேராகக் கேட்டாள். ஒன்பது நாளாக ஒருவரிடமும் பேசாத வாய். மதார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இன்னும் இரண்டே நாள்தான் என்று கணக்கையும் சொன்னான்.

கொழும்புக்குப் போன தோணியில் புருஷனைப் பறிகொடுத்தவள் இஞ்ஞாசியம்மாள். போய் மச்சானின் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி, தெருவாசலில் வைத்தாள்.

“ஒங்களுக்கு இன்னும் ஒரு மாசம் வேணும்னாலும் இடம் இருக்கு தம்பி. இந்தப் பொட்டிக்காரருக்கு இங்கன இடம் இல்ல. அவரு வீட்டுக்குப் போவணும்.”

வேறு இடம் தேடலாம் என்று மதார் ஒரு நிமிஷம் நினைத்தான். பெட்டி தெருவில் வெயிலில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வேறு இடம் தேட அவனுக்கு மனசு வரவில்லை. குற்றாலலிங்கத்தின் வண்டிக்கு ஆள் அனுப்பினான். இந்த முறை வண்டி பாலத்தைத் தாண்டியது.

வீட்டு வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டுப் பாத்து முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே அவன் தோளுக்குப் பின்னால் வண்டிக்குள் பார்த்தாள். வண்டிக்காரர் இரண்டாவது பெட்டியை இறக்கித் திண்ணையில் வைத்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்தார். பாத்து பெட்டியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள்.

“மச்சான் மவுத்தாப் போயிட்டாக லாத்தா” என்றான் மதார். “போவும்போதே. கப்பல்ல. ஷவ்வால் பிறை இருவத்தாறு.”

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். வெகு நேரம் கழித்து அவள் விரல்கள் தானாக மடங்கத் தொடங்கின. அந்தத் தெருவில் எல்லாப் பெண்ணுக்கும் தெரிந்த கணக்குத்தான் அது. ஷவ்வாலிலிருந்து மாதம் மாதமாக எண்ணிக்கொண்டு வந்து, கடைசியில் இரண்டு விரல் மடங்காமல் நின்றது.

இங்கேதான் மதார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

“ரெண்டே நாளுதான் லாத்தா. அதுவும் இல்லாம ஆக்கிரலாம்னுதான் நான் அங்கன கெடந்தேன்.”

“எங்கன?”

சொன்னான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், சிந்துபூந்துறையில், ஒன்பது நாள் என்று சொன்னான். அந்த அறைக்கு நீ மறுபடி போகக் கூடாது என்றுதான் செய்தேன் என்று குழந்தைபோல அழாக்குறையாகச் சொன்னான். பாத்து அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

“அப்பம் போனவரோட மூஞ்சி கூட எனக்குச் சரியாத் தெரியாதுலே. தெரியாத ஆளுக்காவ இருட்டுல இருந்தேன், அது செறை. இவுக கூட இருவத்திரெண்டு வருசம் இருந்திருக்கேன். இவுகளுக்கு இருக்கக் கூடாதுன்னு நான் ஒங்கிட்டச் சொன்னேனா? நாலு மாசம் பத்து நாளுல எனக்கு ரெண்டு நாளு மிச்சம் வச்சிருக்கே.”

எழுந்து, காதில் கிடந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, தறிக்குப் பின்னால் அந்த அறைக்குள் போனாள்.

கூடப்பிறந்தவன் என்பதால் மதார் உள்ளே போகலாம். போய் வாசற்படியை ஒட்டி உட்கார்ந்தான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். புறப்பட்ட நாளிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் சொல்ல வேண்டும். சொன்னான். பம்பாயில் மச்சான் அத்தர் கடையில் பேரம் பேசியது, கப்பலில் ஏறியதும் முரப்பாவைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்கெல்லாம் கொடுத்தது, கடைசி இரவில் தாகமென்று இரண்டு முறை கேட்டது, ஒரு முறை “பாத்து” என்று அவள் பேரைச் சொன்னது. அவருக்காக மக்காவில் தான் காபாவைத் தவாபு சுற்றியதையும் சொன்னான். பெண்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள், சோறு வந்தது, ஆறியது. மதாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, நிறுத்த அவள் விடவில்லை. இரண்டாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு கதை திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. அங்கே அவன் நிறுத்திவிட்டான்.

“அதையும் சொல்லு. வியாழக்கெழம என்ன தின்னே?”

“சாளமீன் குழம்பு.”

“அன்னைக்கு நான் அவுக சாரத்தையும் சட்டையையும் எடுத்துத் தோச்சுப் போட்டேன். காயல்பட்டணத்து ஹாஜிமாரெல்லாம் வந்துட்டாகன்னு சொன்னாங்க. இவுகளும் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருந்தேன். வந்ததும் உடுத்தணும்லா.”

மதார் தலையைத் திருப்பினான். தறிக்கு மேலே கொடியில் கட்டம் போட்ட அந்தச் சாரம் மடித்துக் கிடந்தது. கப்பலிலும் அழாத, கடலில் இறக்கியபோதும் அழாத மனிதன் அப்போதுதான் வாய்விட்டு அழுதான். இருட்டறையிலிருந்து அவளைக் காப்பாற்றுகிறேன் என்று, வராத மனிதருக்காக ஒன்பது நாள் அவளை வாசலில் நிறுத்தியிருக்கிறான்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். நாள் முடிந்துவிட்டது, எழுந்து வா என்று கூப்பிட்டார்கள். குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, தறியைச் சுற்றி நடந்து பாத்து முற்றத்துக்கு வந்தாள். மாசி வெயில் முற்றம் முழுக்க அடித்தது. மதார் தூணோரம் நின்றான். அவள் கைகள் தொங்கிக் கிடந்தன, கண்ணைப் பொத்தவில்லை. வெயிலை நிமிர்ந்து பார்த்தபடியே நின்றாள்.

“ரெண்டு நாளுல எனக்குக் கண்ணே கூசலியேலே, மதாரு” என்றாள்.