காலைச் சாப்பாட்டுக்குப் பின் நிலா

முகாமின் இரண்டாம் நாள், காலைச் சாப்பாடு முடிந்த கையோடு இருட்டிவிட்டது. காரணம் முகாம் பொறுப்பாளர்தான். அதை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக அவர் கோடைதோறும் நடத்திவந்த அந்த முகாமில், சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதைப் பட அட்டைகளாக வரிசையில் ஒட்டிவைப்பார்கள்: தட்டு, பந்து, தண்ணீர்க் குழாய், தூரிகை, மறுபடி தட்டு, கடைசியில் நிலா. வாயால் சொன்னது மாறினாலும் மாறும், பலகையில் இருப்பது மாறாது என்று பிள்ளைகள் நம்பினார்கள். அன்று பொறுப்பாளர் தலைமேல் ஏற்றிவைத்திருந்த மூக்குக்கண்ணாடியைக் கூடமெல்லாம் தேடிவிட்டு, கிடைக்காத எரிச்சலில் கண்ணாடி இல்லாமலே அட்டைகளை ஒட்டினார். தட்டுக்கும் பந்துக்கும் நடுவில் நிலா போய் உட்கார்ந்துகொண்டது. கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் வேலிக்குள் இரவு வந்தது. வேலிக்கு வெளியே வழக்கம்போல வெயில். வாசலில் நின்ற முகாம் பஸ்ஸின் முன்பாதி இருட்டிலும் பின்பாதி பகலிலும் இருந்ததால், டிரைவர் முன்விளக்கை மட்டும் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

வானத்தில் வந்த நிலாவுக்கு மீசை இருந்தது. பிள்ளைகளைச் சிரிக்கவைக்கலாம் என்று பொறுப்பாளர் முந்தின வருடம் அட்டை நிலாவுக்குப் பேனாவால் வரைந்த மீசை அது. அட்டையைப் பார்த்து ஒரு பிள்ளையும் சிரித்ததில்லை. வானத்தைப் பார்த்தும் சிரிக்கவில்லை. வரிசையாகப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். பொறுப்பாளர் அட்டையைப் பிய்க்கப் பாய்ந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் பலகைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஒட்டினதைப் பிய்ச்சீங்கன்னா நாளைக்கு எந்தப் புள்ள சார் இந்தப் பலகைய நம்பும்? இருட்டுனா இருட்டிட்டுப் போகட்டும். முடிஞ்சப்புறம் எடுங்க." முகாமின் சட்டமே அதுதான், எழுதியவரும் பொறுப்பாளரேதான். ஆகவே பெரியவர்கள் எல்லோரும் அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர் நிலாவை எடுத்து, முடிந்த அட்டைகள் போடும் டப்பாவில் போட்டார். விடிந்தது. பிள்ளைகள் பந்து விளையாடப் போனார்கள்.

அதோடு போயிருந்தால் இது ஒரு மனிதரின் கவனக்குறைவு என்று முடிந்திருக்கும். மறுநாள் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு தடவை சரிபார்த்து, நிலாவைக் கடைசியில்தான் ஒட்டினார். சாப்பிட்டு நிமிர்ந்து பார்த்தால் நிலா தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது; ஜன்னலுக்கு வெளியே மீசை. அடுத்த நாளும் அப்படியே. யாரோ மாற்றுகிறார்கள். பொறுப்பாளர் விசாரணையில் இறங்கினார். அவருக்கு வாய்த்தவர்களோ, நேராகப் பதில் சொன்னால் பல் கொட்டிவிடும் என்பதுபோல் இருந்தார்கள். சமையல்காரம்மாவைக் கேட்டால், "எனக்கெதுக்குங்க நெலா, என் அடுப்பு வெளிச்சமே எனக்குப் போதும்" என்றார். டிரைவரைக் கேட்டால், "நான் தூங்குறதுக்கு இருட்டு வேற வேணுமா சார்?" என்று கேட்டார். அதில் உண்மை இருந்தது. டீச்சர், "எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் பதில் இல்லை.

பிள்ளைகளிடம் கேட்கலாம் என்றால், அவர்களில் பலர் பேசுவதில்லை. பேசுகிறவர்கள் அவர் கேட்டதைப் பற்றிப் பேசுவதில்லை. அவருடைய சொந்த மகளும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். பதினைந்து வயது. எதைக் கேட்டாலும் கேள்வியையே திருப்பித் தருவாள். "சாப்பிட்டியாம்மா?" என்றால் "சாப்பிட்டியாம்மா" என்பாள், அதே ராகத்தில், அவருடைய தொண்டைக் கரகரப்பையும் சேர்த்து. வீட்டில் போன் அடித்தால் அவள் எடுத்து "ஹலோ" சொல்லுவாள். சொந்தக்காரர்கள் அவர்தான் என்று நினைத்துக் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு வைப்பார்கள். முகாமை அவர் ஆரம்பித்ததே அவளுக்காகத்தான். ஒவ்வொரு கோடையின் முடிவிலும் திரும்புகிற பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "முகாம் புடிச்சிருக்கா?" என்று கேட்பார். "முகாம் புடிச்சிருக்கா" என்று வரும். வருடா வருடம் தன் கேள்வியைத் தானே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் முகாம் நடத்துகிற மனிதருக்குத் தன் பிள்ளைக்கு அது பிடிக்குமா என்று தெரியாது. இதை அவர் ஒரு ஜோக்காகவே எல்லோரிடமும் சொல்வார். சொல்லிவிட்டு முதலில் சிரிப்பவரும் அவர்தான். சில சமயம் அவர் மட்டும்தான்.

இதற்குள் பகலில் இருட்டுகிற செய்தி பெற்றோர் வரை போய்விட்டது. முகாம்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா பார்வையிட வருவதாகப் போன் வந்தது. பார்த்துவிட்டு வேண்டாம் என்று அவர் தலையாட்டினால், கோடை முழுக்க இந்தப் பிள்ளைகள் நாலு சுவருக்குள். அன்று காலை பொறுப்பாளர் நிலா அட்டையைப் பலகையில் ஒட்டவே இல்லை. சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். ராத்திரிக்கு வேண்டுமானால் ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

அதிகாரியம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும் நேரம். நாற்காலிகள் தரையில் கிரீச்சிட்டன. எவர்சில்வர் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மின்விசிறி கடகடத்தது. குழாயடியில் தண்ணீர் தகரத்தில் கொட்டியது. கதவு என்று எல்லோரும் கூப்பிடும் பையன், எந்த அறையையும் திறந்து மூடிப் பார்த்த பிறகே நுழைபவன், திறந்து மூடுவதை நிறுத்த முடியாமல் மாட்டிக்கொண்டான். ஒரு சின்னப் பெண் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்து கத்தினாள். கத்தல் கேட்டு இன்னொருவன், அவனைக் கேட்டு இன்னொருத்தி. பொறுப்பாளர் நிலைமையைச் சமாளிக்க ஒரு ஜோக் சொன்னார், உரத்த குரலில். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பையில் கை வைத்தார். எத்தனையோ வருடமாக இதே கூடத்தில் இதே சத்தத்துக்கு நடுவில் நின்றிருக்கிறோமே, ஒரு நாளாவது இது காதில் விழுந்ததா என்று அப்போதுதான் தோன்றியது. பொத்தானைக் கழற்றுவதற்குள் இருட்டிவிட்டது.

இந்தத் தடவை நிலாவுக்கு மீசை இல்லை. கொஞ்சம் கோணல், ஓரத்தில் ஒரு கிழிசல். ஆகவே அது தன் அட்டை இல்லை என்று அவருக்கு உடனே புரிந்தது. பிஸ்கட் டப்பா அட்டையில் வரைந்து வெட்டிய நிலா, தட்டுக்கும் பந்துக்கும் நடுவில், ஜாம் தடவி ஒட்டப்பட்டிருந்தது. கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது. கதவு கதவை மூடி, மூடியபடியே விட்டான். டிரைவர் வெளியே விளக்கைப் போட்டார். அதிகாரியம்மா, சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, கைப்பையின் மேல் தலை வைத்து, பல காலம் தூங்காதவர்போலத் தூங்கிப்போனார். விழித்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு, "எத்தன மணிக்கு இருட்டும்னு பெத்தவங்களுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. இல்லன்னா பயந்துக்குறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அனுமதியில் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து முகாமில் காலைச் சாப்பாட்டுக்குப் பின் இருட்டும். வருகிறவர்கள் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஒரு டார்ச்சும் கொண்டுவருகிறார்கள். வேலிக்கு அப்பால் உள்ள வீட்டுக்காரர்கள் துணி காயப்போடும்போது கொடியை இரண்டடி தள்ளிக் கட்டிக்கொள்கிறார்கள். யாரும் இதைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

அன்று அதிகாரியம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது, பொறுப்பாளர் இருட்டில் தடவித் தடவி மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கோணல் நிலாவின் வெளிச்சம் ஜன்னல் வழியாக அவள் கைமேல் விழுந்தது. விரல் நகத்துக்குள் ஜாம்.

"நீயாம்மா ஒட்டின?" என்று மெதுவாகக் கேட்டார். கேள்வி திரும்பி வரட்டும் என்று காத்திருந்தார்.

"நான்தான்," என்றாள். அது அவருடைய குரல் இல்லை. அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை.

அவருக்கு வாயில் ஒரு ஜோக் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கிக்கொண்டார். பிறகு, பஸ் புறப்பட இன்னும் எவ்வளவோ நாள் இருந்தும், அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார்.

"முகாம் புடிச்சிருக்கா?"

மகள் ஜாம் விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தாள்.

"இருட்டுனா புடிக்குது," என்றாள். "உங்க ஜோக்குதான் ரொம்ப சத்தம்பா."